டுமீல் இல்லை... ‘டிக்’!

இருபத்திரண்டு போலீஸ்காரர்கள். இருபத்திரண்டு ரைஃபிள்கள். எல்லாக் குழல்களும் வானத்தைப் பார்த்தபடி. அதிகாரி உத்தரவு கொடுக்கிறார். இருபத்திரண்டு விரல்கள் விசையை இழுக்கின்றன.

டுமீல் வரவேண்டிய இடத்தில் வந்தது, நிசப்தம்!

ஒன்றுகூட வெடிக்கவில்லை.

சினிமா காமெடி இல்லை சார் இது. 2019 ஆகஸ்ட் 21-ம் தேதி பீகாரில், சுபௌல் மாவட்டம் பலுவா பஜார் கிராமத்தில் நிஜமாகவே நடந்தது. மூன்று முறை அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு. அரசு மரியாதை. முதல்வர் நிதிஷ் குமார் எதிரில் நிற்கிறார். வானத்தை நோக்கிச் சுடவேண்டியது வெறும் சத்தத் தோட்டா. குறி பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அதுவும் வெடிக்கவில்லை.

செய்தி கிழக்குத் தாம்பரம் வந்து சேர்ந்தபோது, சேலையூர் கேம்ப் ரோடு டீக்கடையில் சிரித்து மாளவில்லை.

“இருபத்திரண்டுல ஒண்ணுகூடவா வெடிக்கலை? நனைஞ்சுபோன ஊசிப் பட்டாசே தேவலை போலிருக்கே!” என்றார் ஒருவர்.

“ஒருவேளை மௌன அஞ்சலியா இருக்கும்” என்றார் இன்னொருவர்.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். மூலையில் சர்க்கரை இல்லாத டீயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். இன்னொருவன் நான்.

* * *

நான் சிரிக்காததற்குக் காரணம், 2008.

அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு தேசபக்தி ஐம்பது சதவிகிதம், பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி மசால் ஐம்பது சதவிகிதம். வாராவாரம் தோளில் சுமந்தது கிட்டத்தட்ட நாலு கிலோ எடையுள்ள ‘த்ரீ நாட் த்ரீ’. ஆனால் அதில் ‘டி.பி.’ என்று முத்திரை குத்தியிருக்கும். டிரில் பர்ப்பஸ். அதாவது பரேடுக்கு மட்டும். சுடுவதற்கு ஆயுள் தடை. நிஜமாகச் சுடுவதற்குக் கொடுத்தது .22 ரைஃபிள். தோட்டா சுண்டுவிரலில் பாதி இருக்கும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சுடுதளம். ஆளுக்கு ஐந்து ரவுண்டு. குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, முதல் இரண்டும் ‘பட், பட்.’ மூன்றாவது...

‘டிக்.’

டார்ச் எரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? திருப்பி பல்புக்குள் பார்ப்பீர்கள். ரிமோட் வேலை செய்யாவிட்டால்? திருப்பித் தட்டுவீர்கள். பத்தொன்பது வயதில் நானும் அதைத்தான் செய்தேன். முழங்கையை ஊன்றி எழுந்து, ரைஃபிளோடு திரும்பி, “சார், வெடிக்கலை!” என்றேன்.

குழல் இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? எனக்குப் பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த இருபது பேரை.

அடுத்த கணம் என் முதுகில் ஒரு முழங்கால். குழலை ஒரு கை பிடித்து, திரும்பவும் மண்மேட்டின் பக்கமே திருப்பி அமுக்கியது. எங்கள் உஸ்தாத், மலைப் பிரதேசத்து ஹவில்தார். தமிழ்நாட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தைகள் மூன்று. ‘சாப்பாடு’, ‘சீக்கிரம்’; மூன்றாவதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அன்றைக்கு மூன்றையும் அவர் உபயோகிக்கவில்லை. காதருகில் மெதுவாகச் சொன்னார்:

“தீஸ் தக் கினோ.”

முப்பது வரைக்கும் எண்ணு!

எனக்குத் தெரிந்த இந்தி பத்தோடு முடிந்துவிடும். ஏக், தோ, தீன் என்று ஆரம்பித்து தஸ் வந்ததும் முட்டிக்கொண்டு நின்றேன். தாம்பரத்துப் பையனுக்கு அதற்கு மேல் வழி? திரும்பவும் ஏக்கிலிருந்து. மூன்று தடவை பத்து, முப்பது. காமர்ஸ் படித்தது அங்கேதான் முதல் தடவை கைகொடுத்தது.

முப்பது முடிந்ததும் உஸ்தாத் போல்ட்டைத் திறந்தார். தோட்டா வெளியே விழுந்தது. விளிம்பில் ஊசி குத்திய தடம். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். மீதி இரண்டு ரவுண்டு சுட்டு முடிக்கும்வரை அவர் கை என் தோளை விட்டு எழவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஐம்பது பேர், ஆளுக்கு ஐந்து. ஆக 250 தோட்டா. என்னுடைய டப்பாத் தோட்டா ஒன்று போக 249 காலி உறை கணக்கில் வரவேண்டும். வந்தது 248! ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாத ஆடிட்டர் மாதிரி அத்தனை பேரும் புல்லுக்குள் தலைகுனிந்து ஒன்றரை மணி நேரம் தேடினோம். கடைசியில் அது ஒருவனுடைய பூட்ஸுக்குள் இருந்தது. “என்னவோ உறுத்துதேன்னு பார்த்தேன்” என்றான் பாவி.

ஒரு காலி உறைக்கு இத்தனை கணக்கு வைக்கிறவர்கள், ஏன் வெடிக்காத தோட்டாவைக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. கிடைத்தது அந்த டீக்கடையில்.

* * *

“எத்தனை வருஷத்துத் தோட்டாவோ...” என்று முணுமுணுத்தார் அந்தப் பெரியவர்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விசாரித்ததில், போலீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்மரராக இருந்து ரிட்டையர் ஆனவர். துப்பாக்கி டாக்டர்! இப்போது தெருவில் உள்ள குக்கர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் இலவச வைத்தியம். வீட்டுக்கு வரச் சொன்னார். ஒரே நிபந்தனை: “பேரு மட்டும் போடாதீங்க தம்பி. பென்ஷன் வாங்குறவன்.”

வீட்டுத் திண்ணையில் ஒரு குக்கரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே பாடம் நடத்தினார்.

“த்ரீ நாட் த்ரீன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. குழல் விட்டம் .303 அங்குலம்.”

“அது புஸ்தகத்துல. அது எப்ப பொறந்துச்சு? தோட்டா 1888. உங்க கொள்ளுத்தாத்தா காலம். அதைப் போட்டுச் சுடற லீ என்ஃபீல்டு ரைஃபிள் 1895. ரெண்டு உலக யுத்தம் பார்த்துச்சு. 1962-ல சைனாக்காரன் வந்தப்பவும் நம்ம ஜவான் கையில அதுதான்.”

என்ஃபீல்டு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புல்லட் மோட்டார் சைக்கிள். தொடர்பு இல்லாமல் இல்லை. லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் பிற்பாடு ராயல் என்ஃபீல்டு ஆயிற்று. ‘துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது’ என்பது அவர்கள் விளம்பர வாசகம். அந்தப் புல்லட் 1955 முதல் சென்னையில் தயாராகி, 2013-ல் நம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரகடத்துக்கும் வந்துவிட்டது. துப்பாக்கியோ மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் தயாராகி, ராணுவத்திடமிருந்து போலீஸுக்கு இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. ரக துப்பாக்கிகளோடு வந்தவர்களை எதிர்கொண்ட காவலர்களில் பலர் கையில் இருந்தது இந்த .303-தான். சிலர் கையில் வெறும் லத்தி. உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்.

“துப்பாக்கி மேல குத்தம் சொல்லாதீங்க” என்றார் ஆர்மரர் ஐயா, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே. “நல்லா பழகினவன் நிமிஷத்துக்குப் பதினஞ்சு குண்டு குறி பார்த்துச் சுடுவான். வெள்ளைக்காரப் பட்டாளம் அதை ஒரு வித்தையாவே வெச்சிருந்துச்சு. அது கெட்டுப்போகாது. நாமதான் கெடுப்போம்.”

“எப்படி?”

குக்கரைக் கீழே வைத்தார்.

* * *

“விசையை இழுக்கிறோம். உள்ள ஒரு ஸ்ப்ரிங் விரியுது. ஸ்ட்ரைக்கர்னு ஒரு ஊசி முன்னால பாயுது. தோட்டாவோட அடியில சின்னதா ஒரு கேப் இருக்கும். பொட்டு வெடி மாதிரி. ஊசி அதைக் குத்தினா தீப்பொறி. பொறி உள்ள இருக்கிற மருந்தைப் பத்தவைக்கும். குண்டு போயிடும். இதுல எங்க தடங்கல்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். எப்படிக் கண்டுபிடிப்பேன்? வெடிக்காத தோட்டாவைத் திருப்பி, பொட்டைப் பார்ப்பேன்.”

“பொட்டா?”

“ஊசி குத்தின பள்ளம். ஆழமா, நடுவுல, அழகா விழுந்திருக்கா? அப்ப துப்பாக்கி தன் வேலையைச் செஞ்சிடுச்சு, நோயாளி தோட்டாதான். லேசா, தடவினாப்ல இருக்கா? நோயாளி துப்பாக்கி. பொட்டே இல்லையா? ஊசி முனை உடைஞ்சிருக்கும்.”

பொட்டு வைத்து ஜாதகம் சொல்லும் ஒரே டாக்டர்!

லேசான பொட்டுக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். இரண்டாவது, போல்ட்டை முழுசாகக் கீழே இறக்கிப் பூட்டாமல் விசையை இழுத்திருப்பார்கள். மூன்றாவதுதான் வேடிக்கை. அதிகப் பாசம்! துரு பிடிக்கக்கூடாதே என்று போல்ட்டுக்குள் எண்ணெயாக ஊற்றி வைப்பார்கள். வருஷக்கணக்கில் அது இறுகி மெழுகாகிவிடும். “அப்புறம் ஸ்ப்ரிங் எப்படிப் பாயும்? அல்வாவுக்குள்ள ஓடற மாதிரிதான் ஓடும்.”

“சரி, ஆழமான பொட்டு விழுந்தும் வெடிக்கலைன்னா?”

“அங்கதான் உங்க காமர்ஸ் வரும்” என்று சிரித்தார். “ஸ்டோர்ல புதுச் சரக்கு வந்தா எதை முதல்ல கொடுக்கணும்?”

“பழசை. ஃபிஃபோ. முதலில் வந்தது முதலில் வெளியே.”

“அங்க என்ன நடக்கும் தெரியுமா? புதுப் பெட்டி வாசல் பக்கம் அடுக்கியிருக்கும். பழசு சுவரோரம். ப்ராக்டீஸுக்கு வாசல் பக்கத்துலேர்ந்து எடுப்பான். சுவரோரப் பெட்டி அப்படியே ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’னு இருக்கும். பத்து வருஷம், இருபது வருஷம். கடைசியில அவசரம்னு ஒண்ணு வரும். அன்னிக்கு அதைத் திறப்பான்.”

எனக்கு உறைத்தது. ஃபிஃபோ பற்றிப் பரீட்சையில் பதினைந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அது உயிர் போகிற விஷயம் என்று எந்த லெக்சரரும் சொன்னதில்லை.

தோட்டாவின் அடியில் வயசு எழுதியிருக்குமாம். ‘கே.எஃப்.’ என்று இருந்தால் புனே பக்கத்து கிர்க்கி தொழிற்சாலை, 1869-ல் ஆரம்பித்தது. பக்கத்திலேயே வருஷத்தின் கடைசி இரண்டு எண். அந்தக் கால .303 தோட்டாவைப் பிரித்தால் உள்ளே சேமியா மாதிரி கட்டுக் கட்டாகக் குச்சிகள் இருக்கும். அதற்குப் பெயர் கார்டைட். நீலகிரியில் ஊட்டி ரயில் நிற்கும் அருவங்காடு, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் ஆலைக்காகவே பேர் வாங்கிய ஊர். இந்த மருந்துக்கும் கேப்புக்கும் ஜென்ம விரோதிகள் சூடும் ஈரமும். நம் ஊரில் இரண்டும் இலவசம். சித்திரையில் தகர ஷெட், ஐப்பசியில் ஓதம். மாடி க்ரில்லே மூன்று வருஷத்தில் துருப்பிடிக்கிறது, தோட்டா என்ன செய்யும்?

இதில் இன்னொரு பாசக்கதை. பாரா நிற்கிற காவலர் தினமும் அதே பத்துத் தோட்டாவை வாங்கி, அதே பத்தைத் திருப்பிக் கொடுப்பார். வேர்வையில் கறுத்துவிடுமே என்று எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைப்பார். எண்ணெய் கேப்பின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, பொறியைக் கொன்றுவிடும். “இன்ஸ்பெக்‌ஷன்ல அந்தத் தோட்டாதான் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கும். சுட்டுப் பார்த்தா டிக்!”

* * *

அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “குக்கர் எப்ப ரெடியாகும்? அவங்க வீட்டுல ரெண்டு நாளா வடிச்ச சோறு” என்றார். ஐயா காதில் வாங்கவில்லை. அடுத்த வியாதிக்குப் போய்விட்டார்: தோட்டா உள்ளே போகாமல் மாட்டிக்கொள்வது.

.303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினுக்குள் பத்துத் தோட்டா ஒன்றன் மேல் ஒன்று. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் போச்சு. போல்ட் தள்ளும்போது மேலே இருப்பது கீழே இருப்பதையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். இரண்டும் நகராது.

ஐயா நான்கு எவர்சில்வர் தட்டை எடுத்து அடுக்கிக் காட்டினார். “பஸ்ல முன்னால நிக்கறவன் பை, பின்னால வர்றவன் பட்டன்ல மாட்டினா ரெண்டு பேரும் இறங்க முடியுமா? அதேதான்.”

அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு திணிப்பதுதான் காரணம். அதற்காகவே ஐந்தைந்து தோட்டாவாக வரிசை பிசகாமல் கோத்துத் தர க்ளிப் உண்டு. அந்த க்ளிப்பையும் ஒழுங்காக நிரப்பத் தெரிந்திருக்கவேண்டும்! 1962-க்குப் பிறகு இச்சாப்பூரில் பார்ப்பதற்கு .303 போலவே இருக்கும் 7.62 ரைஃபிள் செய்தார்கள். அந்தத் தோட்டாவுக்குத் துருத்தும் விளிம்பு இல்லை, இந்தச் சண்டையும் இல்லை.

மற்றபடி, கீழே விழுந்து மேகசினின் உதடு நெளிந்திருந்தாலும் தோட்டா நேராக ஏறாது. அதைவிட மோசம், போல்ட் மாறிப்போவது. ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைஃபிளுக்கென்று அளவு பார்த்துப் பொருத்தியது. இரண்டிலும் ஒரே நம்பர் அடித்திருக்கும். ஐம்பது ரைஃபிளைப் பிரித்துப் பாயில் பரப்பிச் சுத்தம் செய்துவிட்டு, கைக்கு வந்ததை மாட்டினால்? கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாறின கதை. செருப்பு மாறினால் கால் கடிக்கும். போல்ட் மாறி உள்ளே இடைவெளி அதிகமானால், சுடும்போது உறை இரண்டாக அறுந்து, முன்பாதி உள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா போகாது.

இன்னொரு எதிரி உப்பு. பழைய கேப்பில் இருந்த ரசாயனம், சுட்டபின் குழலுக்குள் உப்பாகப் படியும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது குடிக்கும். இரண்டே நாளில் துரு. எண்ணெய் போட்டால் உப்பு போகாது. உப்பை மூடித்தான் வைக்கும். வெள்ளைக்காரன் புனல் வைத்துக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றச் சொன்னான். அதற்குப் பிறகுதான் கயிற்றில் துணி கோத்து இழுப்பது, எண்ணெய் எல்லாம்.

“ரசம் வெச்ச பாத்திரத்தை எண்ணெய் போட்டா தேய்ப்பீங்க? தண்ணி ஊத்தித்தானே கழுவுவீங்க?” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “இவர் எந்தப் பாத்திரத்தைக் கழுவினாராம்?” என்றார்.

வியாதி நமக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். முதல் உலக யுத்தத்தில் கனடா தன் சொந்த ‘ராஸ்’ ரைஃபிளோடு போனது. குறி தவறாத துப்பாக்கி, மைதானத்தில்! 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில், சேறும் இங்கிலாந்துத் தோட்டாவும் சேர்ந்து அதை இறுக்கிவிட்டன. போல்ட்டை பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்கவேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனடா சிப்பாய்கள் அதை வீசிவிட்டு, செத்துக் கிடந்தவர்களிடமிருந்து லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் அரசாங்கமே அதைப் போர்முனையிலிருந்து விலக்கிக்கொண்டது. பரிசோதனைச் சாலையில் பாஸ் ஆனது வேறு, சேற்றில் பாஸ் ஆவது வேறு.

* * *

“ஐயா, அந்த முப்பது செகண்ட் எதுக்கு?” என்றேன். என் 2008 கதையைச் சொன்னேன்.

உடனே பதில் வரவில்லை. குக்கரின் கேஸ்கட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

“டிக்னு கேட்டா மூணு அர்த்தம் இருக்கு தம்பி. ஒண்ணு, வெடிக்கவே வெடிக்காது. ரெண்டாவது, இன்னும் வெடிக்கலை. அது எதுன்னு வெளியிலேர்ந்து தெரியாது. பழைய கேப்பு, பொறி சின்னது, மருந்து மெதுவாப் பத்தும். டிக்... டொம்! பாகிஸ்தான் வாஹ் ஃபேக்டரித் தோட்டாவுக்கு இதுல உலகம் பூராக் கெட்ட பேரு. நம்ம சரக்கும் யோக்கியம் இல்லை. பெரும்பாலும் அரை செகண்டுல முடிஞ்சிடும். ஆனா நம்ம கை அதைவிட வேகம். அதனால முப்பது எண்ணு, குழலைத் திருப்பாதே, திறக்காதே.”

“மூணாவது?”

“டிக் இல்லாம, ‘புஸ்’னு ஒரு சோகையான சத்தம். குண்டு குழலுக்குள்ளயே நின்னிருக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வெடிக்கும். அப்ப சுடறதையே நிறுத்திட்டு எங்கிட்ட கொண்டுவரணும்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன்பு, வருடாந்தர ஃபயரிங். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஐந்து ரவுண்டு சுடவேண்டும். ஒரு இளம் கான்ஸ்டபிள், நல்ல கைவேகம், பரிசு வாங்குகிற பையன். மூன்றாவது ரவுண்டு டிக். நேரம் போகிறதே என்று அதே வேகத்தில் போல்ட்டை உயர்த்தினான். தோட்டா பாதி வெளியே வந்தபோது வெடித்தது. பித்தளைச் சிதறல். வலது கண்.

“விசாரணை வெச்சாங்க. ரைஃபிளைப் பார்த்தாங்க. பொட்டு ஆழமா விழுந்திருந்துச்சு. எம்மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. தோட்டாப் பெட்டியைப் பார்த்தா சுவரோரச் சரக்கு. யாரு எடுத்தான்னு ரெஜிஸ்டர்ல இல்லை. அவன் மேலதான் முடிஞ்சுது. ‘பொறுக்காம திறந்தது அவர் தவறு.’”

“உங்க மேல தப்பில்லையே ஐயா.”

“பொட்டைப் பார்க்கக் கத்துக்கொடுத்தேன். பூட்டக் கத்துக்கொடுத்தேன். முப்பது எண்ணணும்னு அவனுக்கு யாரு சொன்னா? நான் சொல்லலை. சொல்றது என் டியூட்டி இல்லைன்னு இருந்துட்டேன்.” குக்கர் மூடியை மாட்டினார். “அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் எவன் கையில ரைஃபிளைக் கொடுத்தாலும் முப்பது எண்ண வெச்சுட்டுத்தான் கொடுத்தேன். கிறுக்கன்னு பேரு வெச்சாங்க. இருக்கட்டும்.”

எனக்கு உஸ்தாதின் முழங்கால் ஞாபகம் வந்தது. அந்த மனிதருடைய பெயர்கூட இப்போது நினைவில்லை.

குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது சின்ன விஷயமா? 2021 டிசம்பர் 30-ம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்து சுடுதளத்திலிருந்து விலகிப் போன குண்டு, தள்ளியிருந்த ஒரு வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் போராடிவிட்டு 2022 ஜனவரி 3-ல் இறந்துபோனான். எப்போதோ படித்து மறந்த செய்தியாக உங்களுக்கு இருக்கலாம். இருபது பேர் பக்கம் குழலைத் திருப்பியவனுக்கு மறக்காது.

கிளம்பும்போது ஐயா உங்களுக்கும் ஒரு சேதி சொல்லியனுப்பினார். மிலிட்டரியில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டா கிடைத்தால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, அடுப்பருகே வைப்பது, பேப்பர் வெயிட் ஆக்குவது எல்லாம் கூடாது. வெடிக்காது என்று நினைக்கிற தோட்டாவுக்குத்தான் வெடிக்கிற நேரம் தெரியாது. தொடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள்.

* * *

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் ஃப்ளாட்டுக்குத் திரும்பினேன். மாடிப்படித் திருப்பத்தில் சிவப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்பு சிலிண்டர். எத்தனையோ வருஷமாகத் தினமும் அதைக் கடந்து போகிறேன். அன்றைக்குத்தான் நின்று, தூசியைத் துடைத்து, சீட்டைப் படித்தேன். காலாவதித் தேதி முடிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“சார், அந்த சிலிண்டர்...”

“எது? ஃபயர் சிலிண்டரா?” என்றார் அவர், மிகுந்த பெருமையோடு. “அது புத்தம் புதுசு மாதிரி இருக்கு சார். வாங்கினதுலேர்ந்து ஒரு தடவைகூட யூஸ் பண்ணினதே இல்லை!”

ஏக்... தோ... தீன்...